பெயர் தெரியாமல் ஆறு வாரம் கேட்ட குரல்

2014 ஆகஸ்டில் மெம்ஃபிஸ் நகரத்தை ஒட்டிய கோலியர்வில் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தோம். கணவருக்கு இரண்டு வருட ப்ராஜெக்ட். எனக்கு எச்-4 விசா, வேலைக்குப் போக வழியில்லை. மகள் கிண்டர்கார்டன், மகனுக்குப் பத்து மாதம். கார் இல்லாமல் அங்கே பால் வாங்கக்கூட முடியாது என்பதால் எனக்கென்று ஒரு பழைய கார் வாங்கினோம். விற்றவர் எல்லாம் நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, ரேடியோவின் ஆன்டெனா உடைந்திருந்தது. சிடி ப்ளேயர் பாடியது, ஆனால் உள்ளே இருந்த சிடி வெளியே வரவில்லை. எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு முனகல், அவ்வளவுதான்.

ஆக, அந்தக் காரில் ஒன்று அந்த சிடி, இல்லாவிட்டால் அமைதி.

உறையும் இல்லை, பெயரும் இல்லை. திரையில் 1, 2, 3 என்று எண் மட்டும் ஓடும். ஓர் ஆண் குரல், பின்னால் ட்ரம்பெட், சாக்ஸஃபோன், சில பாட்டில் ஆர்கன். வரிகள் எனக்குப் பிடிபடவே இல்லை. அமெரிக்கத் தென்பகுதி உச்சரிப்பு அப்போது கடைக்காரர் பேசினாலே எனக்குப் பாதிதான் புரியும், பாட்டில் எங்கே புரிய! மகன் பின்சீட்டில் தூங்குவான் என்பதால் சத்தத்தை மிகக் குறைத்து வைத்திருந்தேன். இதை இன்று நினைத்தால் எனக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் என்றே தோன்றுகிறது. இந்தப் பாடகரைச் சத்தமாகக் கேட்டிருந்தால் அவர் கத்தும் இடங்கள்தான் காதில் விழுந்திருக்கும். குறைத்து வைத்ததால் அவர் அடக்கும் இடங்கள் விழுந்தன.

ஆறு வாரம் இப்படி ஓடியது. பெயர் தெரியாததால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். 4ஆம் பாட்டு 'ஆர்கன் பாட்டு'. 11ஆம் பாட்டு 'கிழமைப் பாட்டு', ஏனென்றால் அதில் கிழமைகளின் பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. இன்னொன்றுக்கு 'கூப்பிடும் பாட்டு' என்று பெயர். அவர் யாரையோ கூப்பிடுவதாக ஒரு எண்ணம், ஏன் என்று தெரியாது.

அக்டோபரில் ஆயில் மாற்ற ஒரு சின்ன வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். அறுபது வயதைத் தாண்டிய கறுப்பின மெக்கானிக் ஒருவர் சாவியைத் திருப்பியதும் பாட்டு தொடங்கியது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது. சத்தத்தைக் கூட்டினார். பாட்டு முடியும் வரை காரை விட்டு இறங்கவே இல்லை.

"மேம், இது யாரென்று தெரியுமா?"

"தெரியாது."

"எங்கள் பாபி ப்ளாண்ட். போன வருஷம்தான் போனார். நீங்கள் வந்த வழியிலேயே, ஜெர்மன்டவுனில்தான் இருந்தார்."

ஜெர்மன்டவுன் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். வாராவாரம் காய்கறி வாங்க அதைத் தாண்டித்தான் போவேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் என்ற இசையைப் பாடிய பாபி ப்ளாண்ட், 2013 ஜூன் 23 அன்று, தமது 83ஆம் வயதில் அங்கே காலமானார். சரியாகச் சொன்னால் நாங்கள் வருவதற்குப் பதினான்கு மாதம் முன்பு.

அன்றைக்கு மெக்கானிக் ஒரு விஷயம் கற்றுக்கொடுத்தார். "அவர் தொண்டையைக் கவனியுங்கள். அதற்கு ஸ்குவால் என்று பெயர். ஆனால் அது வருவதற்கு முந்தின மூச்சைக் கேட்டீர்களா?" என்று சொல்லி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். அந்த சிடியில் இருந்த பாட்டுத் தொகுப்பைக் கேட்க எனக்கு வாய்த்த முதல் பாடம் அதுதான். இன்று வரை யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஸ்குவால் என்பது கத்தல் இல்லை. தொண்டையின் அடியில் சளி உருளுவது போல ஒரு கரகரப்பு, பாதிக் கனைப்பு, பாதி உறுமல், நீட்டிய ஒரு எழுத்தின் நடுவே வெடித்து அரை நொடியில் அடங்கிவிடும். 1958இல் வந்த 'லிட்டில் பாய் ப்ளூ'வில் அது தெளிவாகக் கேட்கும். இதை அவர் எடுத்தது ஒரு பிரசங்கியாரிடமிருந்து. பாடகி அரீதா ஃப்ராங்க்ளினின் அப்பா சி. எல். ஃப்ராங்க்ளின், 1940களின் தொடக்கத்தில் மெம்ஃபிஸில் போதகராக இருந்தவர். பிறகு டெட்ராய்ட்டுக்குப் போனார். அவருடைய பிரசங்கங்கள் இசைத்தட்டுகளாகவே விற்றன. கழுகு தன் கூட்டைக் கலைப்பதைப் பற்றிய பிரசங்கம் மிகவும் புகழ் பெற்றது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் அந்தக் கரகரப்பைத் தம் பாட்டுக்குக் கொண்டுவந்ததாக ப்ளாண்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கூடவே பாடகர் நாட் கிங் கோலின் மென்மையும் ப்ளாண்டுக்கு உயிர். இந்த இரண்டும் ஒரே தொண்டையில் இருப்பதுதான் அவர் பாட்டு. பட்டுத்துணியில் நூல் இழுத்த மாதிரி.

வீட்டுக்கு வந்து தேடத் தொடங்கினேன். பாப்லர் அவென்யூவில் உள்ள மெம்ஃபிஸ் மத்திய நூலகத்துக்கு வாரம் ஒரு தடவை மகனைத் தூக்கிக்கொண்டு போவேன். அவரைப் பற்றிப் படித்ததில் ஒரு செய்தி என்னை அப்படியே உட்கார வைத்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

1930 ஜனவரி 27, டென்னஸி மாநிலத்தில் மெம்ஃபிஸுக்கு வடக்கே பாரெட்வில் என்ற சிற்றூரில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பருத்திக் காட்டுக்குப் போனார். பிறகு அம்மாவோடு மெம்ஃபிஸ் வந்து, பீல் தெருவில் பாடும் பையன்களோடு சேர்ந்தார். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி. பி. கிங்குக்குக் கார் ஓட்டினார். ராணுவத்தில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பியபோது, அவர் பாடிய ட்யூக் என்ற இசைத்தட்டு நிறுவனம் ஹூஸ்டனில் டான் ரோபி என்பவர் கைக்குப் போயிருந்தது. ரோபி ஒரு புது ஒப்பந்தத்தை நீட்டினார். ப்ளாண்டால் அதைப் படிக்க முடியாது. கையெழுத்துப் போடவே உதவி வேண்டியிருந்தது என்று அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதிய சார்ல்ஸ் ஃபார்லி சொல்கிறார். விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் அவருக்கு அரை சென்ட். அப்போது வழக்கத்தில் இருந்ததோ 2 சென்ட்.

என் ஆச்சி கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவள். கைநாட்டுதான். நிலம் விற்ற பத்திரத்தில் பெருவிரல் மையோடு அவள் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். "எதுல வைக்கச் சொன்னாகளோ அதுல வச்சேன்" என்பாள். ஆனால் அவளுக்குத் தெரிந்த பாட்டுகளை எண்ண முடியாது. தாலாட்டு, நடவு, ஒப்பாரி, எல்லாம் காது வழியாக ஏறியவை. ப்ளாண்டும் அப்படித்தான். யாராவது பாடிக்காட்ட வேண்டும், வாசித்துக்காட்ட வேண்டும். அதைக் காதால் வாங்கி மனதில் ஏற்றிக்கொண்டுதான் ஒலிவாங்கிக்கு முன் நின்றார். அவர் எந்த வாத்தியமும் வாசித்ததில்லை. ஜோ ஸ்காட் என்ற ட்ரம்பெட் கலைஞர்தான் வாத்தியங்களையெல்லாம் அவர் குரலைச் சுற்றி அமைத்துக் கொடுத்தார், எந்தச் சொல்லை எங்கே நிறுத்துவது என்று சொல்லிக்கொடுத்தார். தொகுப்பில் ட்யூக் காலப் பாட்டுகள் எதைக் கேட்டாலும் பாதிப் பெருமை அவருக்குச் சேரும்.

இதைப் படித்த பிறகு வரிகளைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு கேட்பதை விட்டுவிட்டேன். முதல் பத்து முறை வெறும் காது. அப்புறம்தான் வரி. கண் வரியில் இருந்தால் காது அடுத்த சொல்லுக்கு ஓடிவிடுகிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அவர் என்ன செய்கிறார் என்பது தப்பிவிடுகிறது. இது என் அனுபவத்தில் கண்டது, புது மொழிப் பாட்டு எதற்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

என் 'கிழமைப் பாட்டு' 'ஸ்டார்மி மண்டே', டி-போன் வாக்கர் என்ற ப்ளூஸ் கலைஞர் 1947இல் பதிவு செய்தது. ப்ளாண்ட் பாடியது 1962இல் வெளிவந்தது. ப்ளூஸின் எலும்புக்கூட்டைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாட்டு கிடையாது. அந்த அமைப்புக்குப் பன்னிரண்டு பார் என்று பெயர். ஒரு பாருக்கு நான்கு தட்டு. நான் அதைக் கற்றது பள்ளி வாசலில், மகளுக்காகக் கார் வரிசையில் காத்திருந்தபோது. ஆச்சி விரல் கணுக்களில் பெருவிரலை வைத்து சாமி பேர் எண்ணுவாள். நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு, மொத்தம் பன்னிரண்டு. ஒரு பார் முடிந்தால் பெருவிரலை ஒரு கணு நகர்த்துங்கள், அவ்வளவுதான். ஆள்காட்டி விரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை, முதலில் மேல்கணு வரிசை நான்கு. அதற்குள் முதல் வரி முடியும். நடுக்கணு வரிசையில் அதே வரி மறுபடி வரும், ஆனால் பின்னணியில் சுருதிக் கூட்டம் இடம் மாறியிருக்கும். அடிக்கணு வரிசையில் பதில் வரி. பாட்டு மெதுவாக நடக்கும், ஒவ்வொரு தட்டும் உள்ளே மூன்றாகப் பிரியும், நம் திஸ்ர நடை மாதிரி.

எண்ணிக்கொண்டே கேட்டால் இன்னொன்று தெரியும். ஒவ்வொரு வரிசையிலும் அவர் பாதியளவுதான் பாடுகிறார். மீதி இரண்டு கணு கிட்டாருக்கு. வாசிப்பவர் வெய்ன் பென்னெட். அவர் ப்ளாண்டுக்குப் பதில் சொல்கிறார், அவசரமே இல்லாமல். பாட்டு சொல்வது இதுதான்: திங்கள் கஷ்டம், செவ்வாயும் அப்படியே, புதன் அதைவிட மோசம், வியாழனும் சோகம். வெள்ளிக்கிழமை கழுகு பறக்கும். கழுகு என்றால் சம்பளம், அமெரிக்கக் காசில் கழுகு உண்டு. சனிக்கிழமை கொண்டாட்டம், ஞாயிறு சர்ச்சில் மண்டியிடுவது. சனிக்கிழமையும் ஞாயிறும் ஒரே குரலில் அடுத்தடுத்து வருவதுதான் இந்த மனிதரின் முழு இசை. ப்ளூஸும் சர்ச்சும் அவரிடம் தனித்தனியாக இல்லை. சோல் என்று பிறகு பெயர் பெற்ற இசையின் வேர்களில் ஒன்று இது.

'ஆர்கன் பாட்டு' 1959இன் 'ஐல் டேக் கேர் ஆஃப் யூ'. எழுதியவர் ப்ரூக் பென்டன், அவரும் பெரிய பாடகர். அடிபட்டு வந்த ஒருத்தியிடம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் பாட்டு. இதில் அவர் கிட்டத்தட்ட குரலை உயர்த்துவதே இல்லை. உறுதி கொடுப்பவன் ஏன் கத்த வேண்டும்? 1961இன் 'ஐ பிட்டி த ஃபூல்' அதற்கு நேர் எதிர். பேசுவது போலத் தொடங்கி, படிப்படியாக ஏறி, ஊரே என்னைப் பார்க்கிறது என்று அவமானத்தில் வெடிக்கும். அந்த வெடிப்பை மட்டும் கேட்டால் யாரோ சண்டை போடுவது போல இருக்கும். தொடக்கத்தில் இருக்கும் பணிவிலிருந்து வந்தால்தான் வலிக்கும். கறுப்பின இசைக்கான ஆர் அண்ட் பி விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு அது. 1957இன் 'ஃபார்தர் அப் த ரோட்'டும் 1963இன் 'தட்ஸ் த வே லவ் இஸ்'ஸும் அதே இடத்துக்கு வந்தவை.

'கூப்பிடும் பாட்டு' 'லீட் மீ ஆன்'. இதன் வரிகளை நான் பார்த்தபோது கார் பார்க்கிங்கில் இருந்தேன். அன்பில்லாத ஒரு தேசத்தில் அந்நியனாக இருப்பது எப்படி என்று உனக்குத் தெரியும், என் கையைப் பிடித்துக் கூட்டிப் போ என்பதுதான் பாட்டு. அந்நியனின் நாடு என்பது அவருக்கு அவர் பிறந்த மண்ணே. அதை என் தனிமையோடு ஒன்றாக வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் பகலெல்லாம் பேச ஆள் இல்லாமல், வேலை செய்ய அனுமதி இல்லாமல், கைக்குழந்தையோடு அந்தப் பெரிய வீதிகளில் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, மூன்று மாதமாக இந்தக் குரல் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது என்று தெரிந்ததும் அழுகை வந்துவிட்டது. அன்று இரவு ஊருக்குப் பேசும்போது ஆச்சிக்கு போன் வழியாகப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டாள். "பாவம், யாரையோ கூப்பிடுதான்" என்றாள்.

கேட்கத் தொடங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முக்கியமானது, எந்தப் பதிவு என்று பாருங்கள். அவர் பெயரில் ஏராளமான தொகுப்புகள் இருக்கின்றன. புகழ்பெற்ற ஒரு பாட்டை அவர் மேடையில் பல தடவை பாடியிருப்பார், அந்தப் பதிவும் அதே தலைப்போடு இருக்கும். கேட்டு ஏமாந்து இவ்வளவுதானா என்று விட்டுவிடக் கூடாது. ட்யூக் பதிவுகள் என்று குறிப்பிட்டிருக்கும் தொகுப்பை எடுங்கள், 1950களின் நடுவிலிருந்து 1960கள் வரை. அடுத்து, வரிசையைக் கலைக்காதீர்கள். ஆண்டு வரிசையில் அடுக்கிய தொகுப்பில், கிட்டார் முன்னால் நின்ற 1957இலிருந்து ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் முன்னால் வந்த 1961க்கு ஒரு குரல் வளர்வதைக் கேட்கலாம். ஷஃபிளில் போட்டால் அது போய்விடும். ஒரே மூச்சில் இருபது பாட்டும் வேண்டாம். ஒரு காலை ஒரு பாட்டு, காபி ஆறும் வரை. ஹெட்ஃபோனைவிட ஒரு சாதாரண ஸ்பீக்கர் இந்தப் பதிவுகளுக்கு நன்றாக இருக்கிறது என்பது என் காது சொல்வது.

பாட்டு எழுதியவர் பெயரையும் பாருங்கள். டெட்ரிக் மலோன் என்று பல பாட்டுகளில் இருக்கும். அப்படி ஒரு கவிஞர் தனியாக இல்லை, டான் ரோபி வைத்துக்கொண்ட பெயர் அது. பாட்டுகளை எழுதியவர்களிடம் விலைக்கு வாங்கித் தம் பேரில் போட்டுக்கொண்டார். அந்தச் சின்ன எழுத்தைப் படித்த நாளிலிருந்து ஆச்சியின் பத்திரம் எனக்கு நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

'டர்ன் ஆன் யுவர் லவ் லைட்' மட்டும் சத்தமாகக் கேட்கலாம். 1961. நடுவில் எல்லா வாத்தியமும் ஒதுங்கி ட்ரம்ஸ் மட்டும் நிற்கும் இடம் ஒன்று வரும். வாசித்தவர் ஜான் 'ஜேபோ' ஸ்டார்க்ஸ், பிற்பாடு ஜேம்ஸ் பிரௌனின் குழுவுக்குப் போனவர். என் மகள் அந்த இடத்தில் முன்சீட்டின் முதுகைக் காலால் தட்டுவாள். நான் ஒருநாளும் தடுத்ததில்லை.

தொகுப்பு பழகிய பிறகு 1961இன் 'டூ ஸ்டெப்ஸ் ஃப்ரம் த ப்ளூஸ்' ஆல்பத்துக்குப் போங்கள். தொகுப்பில் பார்த்த பல பாட்டுகள் அங்கே தங்கள் வீட்டில் இருக்கும். 1974இன் 'ஏண்ட் நோ லவ் இன் த ஹார்ட் ஆஃப் த சிட்டி' வேறு நிறுவனம், வேறு ஒலி, குரல் இன்னும் இறங்கி வந்திருக்கும். 2001இல் ஜே-ஸீயின் ராப் பாட்டு ஒன்றில் அந்தப் பதிவின் துண்டு வந்ததால் இளைஞர்களுக்கு அது தெரியும்.

அடுத்த வருடம் அக்டோபரில் ஒரு ஞாயிறு பாரெட்வில் வரை போய் வந்தோம். சாலையின் இருபுறமும் பருத்தி வெடித்துக் கிடந்தது. இப்போது எல்லாம் இயந்திர எடுப்பு. ஒரு செடியருகே குனிந்து ஒரு காயைத் தொட்டுப் பார்த்தேன். தோட்டின் நுனி விரலில் கீறியது, எங்கள் ஊர்ப் பருத்தி கீறுவது போலவே.

2016இல் ஊருக்குத் திரும்பும் முன் காரை விற்க வேண்டியிருந்தது. அதே மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ப்ளேயரைக் கழற்றி, இரண்டு மெல்லிய தகடுகளை விட்டு நெம்பி, சிடியை வெளியே எடுத்தார். கடையில் வாங்கியது இல்லை, யாரோ வீட்டில் பதிந்தது. ட்யூக் பாட்டுகள் ஆண்டு வரிசையில், கடைசியில் 1974இன் அந்த ஒன்று. மேலே கறுப்பு மார்க்கரில் 'மாமாஸ் கார்' என்று எழுதியிருந்தது. அம்மாவின் காருக்காக யாரோ தேர்ந்தெடுத்துக் கொடுத்தது.

மெக்கானிக் அதைத் துணியால் துடைத்தார். "பாடுகிறதா என்று பார்க்கட்டுமா மேம்?" என்றார். உள்ளே தள்ளினார். 4ஆம் எண்ணை அழுத்தினார். ஆர்கன் வந்தது. இருவரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பாட்டு முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.